மூக்கணாங்கயிறு கழன்ற கரடிகள்



எனக்கு அப்போது ஆறு வயது இருக்கும். ராத்திரியில் அலறி அலறி எழுந்திருக்கிறேன் என்று, போளூரில் எங்கள் தெருவுக்கு வந்த கரடிக்காரரிடம் பாட்டி என்னைக் கூட்டிப் போனார். கரடி முதுகில் என்னை உட்கார வைத்தார்கள். அதன் முடி இரண்டைப் பிடுங்கித் தாயத்தில் அடைத்துக் கழுத்தில் கட்டினார்கள். என் பயம் தெளிந்ததா, நினைவில்லை. எனக்குக் கீழே அந்த உடம்பு விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது மட்டும் இன்னும் மறக்கவில்லை.

எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் ஜவ்வாது மலை தெரியும். பலாவும் சீத்தாவும் பழுக்கிற, தேனுக்குப் பேர்போன மலை. கரடிக்கு வேறென்ன வேண்டும்? இன்றைக்கும் அங்கே கரடிகள் இருக்கின்றன. இந்தக் கரடிக்கு மேல்வரிசை முன்பற்களில் நடு இரண்டு கிடையாது. கறையான் புற்றில் வாயை வைத்து, ஊதி, அந்தச் சந்து வழியாகக் கறையானை உறிஞ்சும். சத்தம் நெடுந்தூரம் கேட்கும். குட்டிகளைத் தாய் முதுகில் ஏற்றிக்கொண்டு அலையும். தாயின் நீளமான முடியைக் குட்டிகள் இறுகப் பிடித்துக்கொள்ளும்.

ஆட்டக் கரடியின் கதை அந்த முதுகில்தான் தொடங்கியது. தாயைக் கொன்றுவிட்டுக் குட்டியைப் பிடிப்பார்கள். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் மூக்கில் துளைபோட்டுக் கயிறு கோப்பார்கள். கோரைப்பற்களை உடைப்பார்கள், நகத்தை வெட்டுவார்கள். கயிற்றைச் சுண்டினால் வலி தாங்காமல் நிமிர்ந்து நிற்கும். அதைத்தான் நாம் ஆட்டம் என்று கைதட்டிப் பார்த்தோம். 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் முப்பது வருஷத்துக்கு மேல் இது தெருவில் நடந்தது.

இதை நிறுத்தியதில் பெரும்பங்கு 1995இல் கார்த்திக் சத்யநாராயணும் கீதா சேஷமணியும் தொடங்கிய ‘வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ்’ என்ற தொண்டு நிறுவனத்துக்கு. கரடியை மட்டும் பிடுங்கிக்கொண்டு போனால் கரடிக்காரர் வயிற்றுப்பாட்டுக்கு இன்னொரு குட்டியைத் தேடுவார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தலைமுறை தலைமுறையாக இதையே பிழைப்பாகக் கொண்ட கலந்தர் குடும்பங்களுக்கு வேறு தொழில் செய்யப் பணம் கொடுத்தார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். எனக்கு இதுதான் பெரிய காரியமாகப் படுகிறது. அறுநூறுக்கும் மேற்பட்ட கரடிகள் ஆக்ராவுக்கும், ஓசூர் தாண்டியதும் வருகிற பன்னர்கட்டாவுக்கும், மற்ற காப்பகங்களுக்கும் வந்து சேர்ந்தன. 2009இல் ராஜு என்ற கடைசி ஆட்டக் கரடி பன்னர்கட்டாவுக்கு வந்தது.

அங்கே முதல் வேலை, மூக்குக் கயிற்றை வெட்டி எடுத்துப் புண்ணை ஆற்றுவது. பிறகு உடைந்த பற்களுக்கு வைத்தியம், குடிக்கக் கூழ், பழம். மரக்கட்டையில் துளைபோட்டுத் தேனை ஒளித்து வைப்பார்கள், தேடித் தின்னும் பழக்கம் திரும்ப வேண்டும் என்று. சில கரடிகள் கயிறு போன பிறகும் நின்ற இடத்திலேயே உடம்பை ஆட்டிக்கொண்டிருக்கும். இப்படி மீட்ட கரடிகளைக் காட்டுக்குத் திருப்பி அனுப்ப முடியாது. பல் இல்லை, காட்டில் பிழைப்பதைச் சொல்லிக்கொடுக்கத் தாயும் இல்லை.

ஜவ்வாது மலைக் கரடிக்கு இதெல்லாம் தேவைப்படாமல் இருக்க வேண்டும் என்பதே என் ஆசை. மலையில் இருக்கிறவர்களுக்கும் சிரமம் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. புதர் மறைவில் திடீரென்று எதிரே ஆளைக் கண்டால் கரடி மிரண்டு பாயும், முகத்தையே கிழித்துவிடும். அதனால் விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் தனியாகப் போகாதீர்கள். நாலு பேராகச் சேர்ந்து, சத்தமாகப் பேசிக்கொண்டே போங்கள். ஆள் வருவது தெரிந்தால் அது பெரும்பாலும் தானே விலகிவிடும். குட்டி தனியாகக் கிடந்தால் தூக்காதீர்கள், தாய் பக்கத்திலேயே இருக்கும். தள்ளி வந்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

புளி பொறுக்கப் போகும் வழியில், புற்றுப் பக்கமிருந்து புஸ் புஸ் என்று ஊதி உறிஞ்சும் சத்தம் கேட்டால் அப்படியே நின்று, வந்த வழியே திரும்பிவிடுங்கள். அது சாப்பிட்டு முடிக்கட்டும்.