இருநூறாம் இடத்துப் பெண்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



செயலாளர் தொலைபேசியில் அழைத்தபோது, "ரீச்சர், ஏதாவது பேசுங்கள், கணக்கு மட்டும் வேண்டாம்" என்றார். முப்பது வருடத்துக்கு மேல் கணிதம் படிப்பித்தவளிடம் அப்படிச் சொன்னால் நான் எங்கே போவது? ஆகவே இன்று கோல்ப் விளையாட்டைப் பற்றிப் பேசப்போகிறேன். சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

ஓய்வுபெற்ற பிறகு நான் திகனயில் மகளோடு இருக்கிறேன். பக்கத்தில் ராஜவெல்லவில், விக்டோரியா நீர்த்தேக்கத்தை ஒட்டி, 18 குழிகள் கொண்ட கோல்ப் திடல் இருக்கிறது. மலைநாட்டுக்கு இந்த விளையாட்டு புதிதல்ல. நுவரெலியா கோல்ப் கழகம் 1889 இல் தொடங்கியது. துரைமார் ஆடினார்கள், அவர்களுடைய பையைச் சுமந்து நடந்தவர்கள் நம்மவர்கள். என் தம்பியும் சிறுவயதில் விடுமுறைக்கு நுவரெலியாவில் மாமா வீட்டில் நிற்கும்போது கெடி வேலைக்குப் போவான். "அக்கா, இந்த விளையாட்டில் குறைய எடுத்தவர்தான் வெற்றி" என்று அவன் சொல்லித்தான் எனக்கு முதல் பாடம். மிகக் குறைந்த அடிகளில் பந்தைக் குழிக்குள் போட்டு முடிப்பவர் முதலிடம். அவ்வளவுதான்.

2021 ஓகஸ்ட் 7, ஒரு சனிக்கிழமை. கொவிட் காலம், பாடசாலைகள் மூடிக் கிடந்தன. காலைத் தேநீரோடு தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தேன். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் கோல்ப் போட்டியின் கடைசி நாள். பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக், 23 வயது, மூன்றாம் நாள் முடிவில் தனியாக இரண்டாம் இடத்தில் இருந்தார். பை சுமந்தது அவருடைய அம்மா. அந்தப் பிள்ளையின் உலகத் தரவரிசை அப்போது 200.

நான்கு நாள், 72 குழிகள். கடைசியில் அதிதி எடுத்த அடிகள் 269. தங்கம் வென்ற அமெரிக்காவின் நெல்லி கோர்டா 267. வெள்ளி பெற்ற ஜப்பானின் மோனே இனாமியும் வெண்கலம் பெற்ற நியூசிலாந்தின் லிடியா கோவும் தலா 268. அதிதிக்கு நான்காம் இடம். ஒரே ஓர் அடியில் பதக்கம் கைநழுவியது.

இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. நெல்லி கோர்டா அப்போது உலகத் தரவரிசையில் முதலாம் இடம். ஆகவே தரவரிசை பொய் சொல்லவில்லை. முதலாமவர் முதலாவதாகத்தான் வந்தார். ஆனால் அதே பட்டியலில் 199 பேருக்குப் பின்னால் எழுதப்பட்டிருந்த பெண், அவருக்கும் தனக்கும் இடையே 269 அடிகளில் இரண்டே இரண்டு அடி வித்தியாசத்தோடு முடித்தார். அப்படியென்றால் "200" என்ற அந்த எண் எதைச் சொல்லியது?

கணக்கு வேண்டாம் என்றார்கள்; கொஞ்சம் மட்டும் சொல்கிறேன். கோல்ப் தரவரிசை, ஆட்டக்காரரின் கையையோ கண்ணையோ அளப்பதில்லை. கடந்த இரண்டு வருடங்களில் அவர் ஆடிய போட்டிகளில் பெற்ற புள்ளிகளைக் கூட்டி, போட்டிகளின் எண்ணிக்கையால் வகுக்கிறது. பலமானவர்கள் கூடிய போட்டியென்றால் புள்ளி அதிகம். அண்மைய 13 வாரப் புள்ளிகளுக்கு முழு மதிப்பு. பிறகு வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே போகும். வகுக்கும் எண்ணுக்கு ஓர் அடிமட்டமும் உண்டு: ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 35. இருபது போட்டிதான் ஆடினேன் என்று ஒரு பெண் சொன்னாலும் 35 ஆல்தான் வகுப்பார்கள். நோய், பிள்ளைப்பேறு, விமானச் சீட்டுக்குக் காசில்லாமை, எதுவென்றாலும் வகுக்கும் எண் கேட்காது.

டைகர் வூட்ஸை எல்லோரும் அறிவீர்கள். மொத்தம் 683 வாரங்கள் உலக முதலாம் இடத்தில் இருந்தவர். முதுகுச் சத்திரசிகிச்சைகளால் ஆடாமல் இருந்து, 2017 இன் கடைசியில் 1,199 ஆம் இடத்துக்கு இறங்கினார். 2019 ஏப்ரலில் மாஸ்டர்ஸ் கிண்ணத்தை மறுபடியும் வென்றார். 1,198 பேர் அவரைவிடத் திறமைசாலிகளாக இருந்தார்களா? இல்லை. அந்த எண் சொன்னது, "இந்த மனிதர் அண்மையில் ஆடவில்லை" என்பதை மட்டுமே. அது உண்மைதான். நாம்தான் அதைத் திறமை என்று வாசித்தோம்.

இன்னொன்று. பெரிய புள்ளிகள் பெரிய போட்டிகளில் இருக்கின்றன. பெரிய போட்டிகளுக்குள் நுழைய ஏற்கெனவே புள்ளி வேண்டும். நமது நாட்டின் தங்கராஜா, மிதுன் பெரேரா போன்றவர்கள் இந்தியத் தொழில்முறைப் போட்டிகளுக்குப் போய் ஆடுவது இதனால்தான். உள்ளே இருப்பவர் உள்ளேயே நிற்பது இலகு. வெளியே இருப்பவர் உள்ளே வருவதுதான் கஷ்டம்.

இப்போது கோல்ப் திடலை விட்டு நம்முடைய பாடசாலைக்கு வருவோம்.

நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த தரவரிசை ஒன்று இருக்கிறது. உயர்தரப் பெறுபேற்றுத் தாளில் இசட் புள்ளி, மாவட்ட நிலை, அகில இலங்கை நிலை என்று மூன்று எண்கள் வரும். ஒரு பாடத்தின் சராசரி 50, நியம விலகல் 15 என்றால், 80 எடுத்த பிள்ளைக்கு இசட் புள்ளி 2. அது அந்தப் பிள்ளையின் மூளையின் அளவல்ல. அந்த வருடம், அந்தப் பாடத்துக்குத் தோற்றிய கூட்டத்தில் அவள் நின்ற இடம். கூட்டத்தை மாற்றினால் எண்ணும் மாறும். 2011 ஆம் ஆண்டு உயர்தரத்தில் பழைய பாடத்திட்டம், புதிய பாடத்திட்டம் என்று இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்துக் கணித்ததால் வந்த குழப்பம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2012 இல் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே வேறுவேறாகக் கணித்தார்கள்.

"தரப்படுத்தல்" என்ற சொல்லைக் கேட்டால் என் வயதுக்காரிகளுக்கு 1970களின் தொடக்கம் மனதில் வரும். பல்கலைக்கழகம் போக மொழிவாரியாக வெவ்வேறு வெட்டுப்புள்ளி வைத்த காலம் அது. அந்தக் காயத்தை இன்று கிளறவில்லை. எண்ணைப் பார்த்தவுடன் "யார் கணித்தது, எப்படிக் கணித்தது" என்று கேட்கும் பழக்கம் நமக்கு அங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

என் வகுப்பில் ஒரு தோழி இருந்தாள். தெல்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து வருவாள். விடியற்காலை இருட்டில் இறங்கி நடந்து, கலஹா வழியாக முதல் பஸ்ஸில் கண்டிக்கு வர வேண்டும். பல நாட்கள் காலைப் பிரார்த்தனை முடிந்த பிறகுதான் வகுப்புக்குள் வருவாள். முதல் பாடம் அநேகமாகக் கணிதம். ஆசிரியை கரும்பலகையில் மூன்றாவது வரியில் விட்ட பிழையை, அப்போதுதான் வந்து உட்கார்ந்தவள் கண்டுபிடிப்பாள். தேர்ச்சி அறிக்கையில் அவளுடைய நிலை 19. என்னுடையது 3. என் வீடு கட்டுகலையில். பாடசாலைக்கு நடந்தே வருவேன். பின்னேரம் எனக்குப் பாடம் சொல்லித்தர ஒருவர் வீட்டுக்கு வருவார். சாதாரண தரத்தோடு அவள் நின்றுவிட்டாள். இன்று இந்த மண்டபத்தில் அவள் இல்லை.

அவளுக்கு அநியாயம் நடந்தது என்று நான் யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. பிறகு நானே ஆசிரியையாகி, எத்தனையோ தேர்ச்சி அறிக்கைகளில் "நிலை" என்ற கட்டத்துக்குள் எண் எழுதியிருக்கிறேன். எழுதும்போது ஒருநாளும், இந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு எழும்புகிறாள் என்று கேட்டதில்லை.

அரசாங்கம் இதைக் கொஞ்சம் சரிக்கட்டப் பார்க்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா மாவட்டம் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. கண்டி இல்லை. ஆகவே தெல்தோட்டையிலோ கலஹாவிலோ ஒரு லயத்திலிருந்து வரும் பிள்ளை, கண்டி நகரத்தில் மூன்று ரியூஷன் வகுப்புக்குப் போகும் பிள்ளையோடு ஒரே மாவட்டக் கணக்கில் ஓடுகிறாள். திடலின் கடினம் அந்தக் கணக்கில் இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவள். நான் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனது ஓர் எண்ணால்தான். என் அப்பாவுக்கு எந்த அமைச்சரையும் தெரியாது. சிபாரிசுக் கடிதம் எழுத எங்களுக்கு ஆள் இல்லை. யாருடைய பிள்ளை என்று கேட்காமல் கதவைத் திறந்தது பரீட்சைப் புள்ளி. ஏழைக்கு, ஆள்பலம் இல்லாதவருக்கு, தரவரிசை ஒரு காவல். அதைத் தூக்கி எறியுங்கள் என்று நான் ஒருக்காலும் சொல்லமாட்டேன்.

கோல்ப் விளையாட்டிலேயே இதற்கு ஒரு வழி இருக்கிறது. தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குத் தரவரிசை. சாதாரணமாக ஆடுகிறவர்களுக்கு "ஹெண்டிகெப்" என்ற இன்னொரு அளவு. 2020 முதல் உலகம் முழுக்க இதற்கு ஒரே முறை. கடைசி 20 ஆட்டங்களை எடுத்து, அவற்றில் மிக நல்ல எட்டை மட்டும் சராசரி பார்க்கிறார்கள். மழை நாள், காய்ச்சல் நாள், மனம் சரியில்லாத நாள் எல்லாம் பெரும்பாலும் கழிந்துவிடும். அதோடு ஒவ்வொரு திடலுக்கும் கடின அளவு உண்டு. 55 முதல் 155 வரை, நடுத்தரம் 113. மதிப்பீடு 72 ஆன இரண்டு திடல்களில் நான் 90 அடி எடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுத்தரத் திடலில் அது 18 என்று பதியும். கடின அளவு 135 ஆன திடலில் அதே 90, ஏறத்தாழ 15 என்று பதியும். அடித்த அடி ஒன்றுதான்; நின்ற நிலம் வேறு என்று கணக்கே ஒப்புக்கொள்கிறது. இது இரக்கம் அல்ல, வகுத்தலும் பெருக்கலும்.

தரவரிசை, "யார் என்ன வென்றார்" என்ற கேள்விக்குப் பதில். ஹெண்டிகெப், "இவரால் என்ன முடியும்" என்ற கேள்விக்குப் பதில். கிண்ணம் கொடுக்க முதலாவது போதும். புலமைப்பரிசில் கொடுப்பதற்கு எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்? நாளை படிக்கப்போகும் பிள்ளைக்கல்லவா அதைக் கொடுக்கிறோம்?

இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன். நமது நூற்றாண்டு நிதியிலிருந்து வருடத்துக்கு மூன்று புலமைப்பரிசில்கள் வழங்க இருக்கிறோம். மூன்றையும் இசட் புள்ளி வரிசையில் முதல் மூன்று பேருக்குக் கொடுப்பது என்பது செயற்குழுவின் முன்மொழிவு. நல்ல மனதோடு, சண்டை வராமல் இருக்க எழுதியது என்று எனக்குத் தெரியும். என் வேண்டுகோள் இது. ஒன்றை அப்படியே இசட் புள்ளிக்கு வைப்போம். உழைத்து முதலாவதாக வந்த பிள்ளைக்கு அது உரிமை. மற்ற இரண்டையும் ஹெண்டிகெப் முறையில் பார்ப்போம். இரண்டு வருடத் தவணைப் பரீட்சைகளிலும் மாதப் பரீட்சைகளிலும் அவளுடைய மிக நல்ல எட்டை எடுப்போம். பாடசாலைக்கு வர எவ்வளவு நேரம், வெளியே ரியூஷன் உண்டா, வீட்டில் சமையலும் தம்பி தங்கையும் யார் பொறுப்பு என்பவற்றுக்கும் புள்ளி வைப்போம். என்னென்னவற்றுக்கு எத்தனை புள்ளி என்று முன்கூட்டியே அச்சிட்டு அறிவித்தல் பலகையில் போடுவோம். தெரிவுக்குழுவில் ஒருவராவது வெளியாளாக இருக்கட்டும். எழுதிய விதி இல்லாத இரக்கம் நாளைக்குச் சிபாரிசாக மாறிவிடும். அதையும் நான் பார்த்திருக்கிறேன்.

பிழையே வராது என்று சொல்லவில்லை. எந்த அளவுகோலும் ஒரு பிள்ளையை முழுதாக அளந்துவிடாது. ஆனால் இரண்டு அளவுகோல் இருந்தால், ஒன்று தவறவிட்ட பிள்ளை மற்றதில் அகப்படுவாள்.

லண்டனிலும் டொரொன்டோவிலும் மெல்பேர்னிலும் இருந்து இந்த நிதிக்குக் காசு அனுப்பிய சகோதரிகளே, இந்த உரையை நீங்கள் மலரில்தான் வாசிப்பீர்கள். பொதுக்கூட்டம் முடிவெடுக்கும் முன் உங்கள் கருத்தைச் செயலாளருக்கு எழுதுங்கள். எழுதும்போது, உங்கள் வகுப்பில் நிலை 19 எடுத்தவள் யார் என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். பெயர் ஞாபகம் வந்தால், அவள் எங்கே இருக்கிறாள் என்று விசாரித்து அறியுங்கள். நானும் என் தோழியைத் தேடத் தொடங்கியிருக்கிறேன்.