பேட்டரிக்குத் தண்ணி ஊத்துறது யாரு?



எனக்கு முன்னாடி பேசுன அக்கா ஆடு வாங்கி ஆறு ஆடாக்குன கதையைச் சொன்னாங்க. இன்னொருத்தங்க தையல் மிஷின் சொன்னாங்க. நான் சொல்லப் போறது ஒரு ரூபா கூட வருமானம் தராத பொருளைப் பத்தி. வீட்டு மூலையில கிடக்குற இன்வெர்ட்டரும் பேட்டரியும். இந்த வருஷம் நம்ம குழுக்கள்ல நாலு பேர் அதுக்குக் கடன் கேட்டிருக்காங்களாம். "நீ பட்டதைச் சொல்லு, அவங்க படாம இருக்கட்டும்"னு கணக்காளர் சொன்னதால வந்து நிக்கிறேன்.

நான் பிறந்தது சிலமலை. பத்தாவது முடிச்சேன், 2009-ல குரங்கணிக்கு வாக்கப்பட்டு வந்தேன். 2012 கரண்ட் வெட்டு உங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். சென்னைக்கு 2 மணி நேரம், நமக்குப் பாதி நாள். அப்ப என் மூத்தவளுக்கு ரெண்டு வயசு. தொட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து பனை விசிறியால வீசி வீசி என் கை மரத்துப் போகும். அந்தக் கஷ்டம் அப்புறம் தீந்துச்சு. ஆனா நம்ம ஊருக்குன்னு ஒரு கஷ்டம் இருக்கு. நம்ம மாவட்டத்துலயே லோயர் கேம்ப்ல தண்ணியில கரண்ட் எடுக்குறாங்க, ஆண்டிபட்டி பக்கம் காத்தாடி சுத்துது. என்ன இருந்து என்ன, முந்தலுக்கும் குரங்கணிக்கும் நடுவுல ஒரு மரம் ஒயர் மேல சாஞ்சா நமக்கு இருட்டுதான். லைன்மேன் தம்பி மழையில வந்து, மரத்தை வெட்டி, கம்பியை இழுத்துக் கட்டணும். பாவம், அவரும் மனுஷன்தானே.

2018 நவம்பர் 16, கஜா புயல் நாகப்பட்டினம் பக்கம் கரையேறுன நாள். டெல்டா மாவட்டங்கள்ல கம்பம் கம்பமா சாஞ்சு, வாரக்கணக்குல கரண்ட் இல்லாம ஜனங்க கிடந்தாங்க. அதுக்கு முன்னாடி நம்ம மழையெல்லாம் ஒண்ணுமே இல்ல. ஆனா அன்னைக்கு ராத்திரி எங்க அத்தைக்கு இழுப்பு வந்துருச்சு. அவங்களுக்கு ஆஸ்துமா. வீட்டுல நெபுலைசர் மிஷின் இருக்கு, மருந்தும் இருக்கு, கரண்ட் இல்ல. மருந்தைக் கையில வச்சுக்கிட்டு நான் நிக்கிறேன், அவங்க நெஞ்சுக்கூடு ஏறி இறங்குது, உதடு கறுக்குது. பக்கத்து வீட்டு ஜீப்பை எழுப்பி, கொட்டுற மழையில போடி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் என் மடியிலதான் அவங்க தலை. மாஸ்க் வச்ச பத்து நிமிஷத்துல மூச்சு திரும்பிருச்சு. அந்த மிஷின் எங்க வீட்டு அலமாரியில சும்மா இருந்துச்சுங்கிறதுதான் என்னால தாங்க முடியல.

அடுத்த குழுக் கூட்டத்துல 12,000 ரூபா உள்கடன் கேட்டேன். கூட்டம் ரெண்டாப் பிரிஞ்சுச்சு. "ஃபேன் ஓட்டுறதுக்குக் குழுப் பணமா? நாளைக்கு ஒருத்தி ஃபிரிட்ஜுக்குக் கேப்பா"ன்னு ஒரு அக்கா சொன்னாங்க. அவங்க சொன்னதுல தப்பு இல்ல. நம்ம சேமிப்பு அஞ்சும் பத்துமா சேர்ந்தது. வயசான ஒரு அம்மா மட்டும், "இவ மாமியா செத்துருந்தா சாவுச் செலவுக்குக் கடன் குடுத்திருப்போம்ல? பொழைக்கிறதுக்குக் குடுத்தா என்ன?"ன்னு கேட்டாங்க. அதுக்கு மேல யாரும் பேசல. நூத்துக்கு ஒரு ரூபா வட்டி, மாசம் 1,000 தவணைன்னு தீர்மான நோட்டுல ஏறுச்சு.

இங்கதான் நான் கோட்டை விட்டேன். இன்வெர்ட்டர் 5,500-க்கு நல்லதாவே வாங்குனோம். ஒயரிங்குக்கு 2,500. மிச்சம் இருந்தது 4,000. புது டியூபுலர் பேட்டரி அதுல வராது. ஒரு கடையில, "லாரி பேட்டரி இருக்கு, இதுவும் 12 வோல்ட், அதுவும் 12 வோல்ட், ஒண்ணும் வித்தியாசம் இல்ல"ன்னு சொன்னாங்க. எங்க வீட்டுக்காரர் தலையாட்டுனார். நானும் ஆட்டுனேன்.

வித்தியாசம் இருக்கு, சகோதரிகளே. லாரி பேட்டரி இஞ்சினைக் கிளப்புறதுக்கு. ஒரு நிமிஷம் கூட இல்ல, சில நொடி மூர்க்கமா கரண்ட் குடுக்கும், அப்புறம் வண்டி ஓடுறப்ப அதுவே நிரம்பிக்கும். அதுக்குள்ள தகடு மெல்லிசு. ராத்திரி முழுக்க மெதுமெதுவா வடிய விட்டா அது செத்துப்போகும். வீட்டுக்கு வேண்டியது தடிச்ச தகடும் குழாயும் வச்ச டியூபுலர். நூறு மீட்டர் ஓடுற பிள்ளையைக் கூட்டிட்டு வந்து ஏலக்காய் மூட்டையைத் தூக்கிட்டுக் கொழுக்குமலை ஏறச் சொன்ன மாதிரிதான் நாங்க செஞ்சது.

போதாததுக்கு, தண்ணி குறைஞ்சிருக்குன்னு எங்க வீட்டுக்காரர் ஆத்துத் தண்ணியை ஊத்திட்டார். நம்ம கொட்டகுடி ஆத்துத் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், குடிக்க அமிர்தம். ஆனா கண்ணுக்குத் தெரியாத உப்பும் தாதும் அதுல உண்டு. அது தகட்டுல போய் உக்காந்துக்கும். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர்தான், வேற எதுவும் ஆகாது. கடையில விக்கிற குடிதண்ணி கேன் கூட ஆகாது.

எட்டாவது மாசம், 2019 செப்டம்பர்ல, கரண்ட் போன அஞ்சாவது நிமிஷம் பெட்டி கீக்கீன்னு கத்திட்டு அணைஞ்சுருச்சு. இன்னும் 4 தவணை பாக்கி. யார்கிட்டயும் சொல்லாம இருந்துரலாம்னு எங்க வீட்டுக்காரர் சொன்னார். எனக்கும் ஆசைதான். ஆனா தவணை கட்டும்போதெல்லாம் அந்தப் பெரியம்மா முகத்தைப் பார்க்கணுமே. கூட்டத்துல எந்திரிச்சுச் சொல்லிட்டேன், ஏமாந்துட்டேன்னு. முதல்ல எதிர்த்த அக்கா சிரிப்பாங்கன்னு பார்த்தேன். அவங்க, "எதைப் பார்த்து வாங்குன? எழுதிக் காட்டு"ன்னாங்க. என்கிட்ட எழுத ஒண்ணும் இல்ல. அதுதான் வெக்கமா இருந்துச்சு.

காபிப் பழம் பறிக்கப் போய் அந்த 4 தவணையையும் கட்டி முடிச்சேன். 2020 ஜனவரியில மறுபடி கடன் கேட்டப்ப நோட்டோட போனேன். அந்தக் கணக்கை உங்களுக்கும் சொல்றேன், எட்டாங்கிளாஸ் கணக்குதான்.

ஒவ்வொரு சாமானுக்கு அடியிலயும் எத்தனை வாட்ஸ்னு எழுதியிருக்கும். எங்க வீட்டுல 9 வாட்ஸ் எல்.இ.டி பல்பு மூணு, 27. சீலிங் ஃபேன் ஒண்ணு, 75. செல்போன் சார்ஜர் 10 வச்சுக்கலாம். மொத்தம் 112. நெபுலைசர் 150 வாட்ஸ், ஆனா அது கால் மணி நேரம்தான் ஓடும். 150 ஏ.ஹெச் பேட்டரின்னா 150-ஐ 12-ஆல பெருக்குங்க, 1,800 வருது. அதை முழுசா உறிஞ்சக் கூடாது, பாதிக்கு மேல கொஞ்சம்தான் நம்பலாம். இன்வெர்ட்டரும் கொஞ்சம் தின்னும். 1,100-ன்னு வச்சுக்கிட்டு 112-ஆல வகுத்தா 9, 10 மணி நேரம். ஃபேனை நிறுத்திட்டா ஒரு பகல் ஒரு ராத்திரி கூடத் தாண்டும். மிக்ஸி 500 வாட்ஸுக்கு மேல, அயர்ன் பாக்ஸ் 1,000. இதுகளை அந்த லைன்ல போட்டா என்ன ஆகும்னு நீங்களே வகுத்துப் பாருங்க. கடைக்காரர் கேக்குற முதல் கேள்வி "பட்ஜெட் எவ்வளவு?". நாம கேட்டுக்க வேண்டியது, கரண்ட் போனா எது இல்லாம நம்ம வீட்டுல முடியாது? எங்க வீட்டுல அந்த மிஷின், ஒரு விளக்கு, செல்போன். ஃபேன் கூட அப்புறம்தான். செல்போனைச் சும்மா சொல்லல. 2018 மார்ச் 11, நம்ம மலையில தீப்பிடிச்ச ராத்திரி, போன்ல சார்ஜ் இருக்குறது எம்புட்டுப் பெருசுன்னு இந்த ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு.

இன்னொண்ணு. நெபுலைசர், ஃபேன் மாதிரி மோட்டார் இருக்கிற சாமானுக்கு சைன் வேவ் இன்வெர்ட்டர்தான் நல்லது. ஸ்கொயர் வேவ்னு விலை குறைவா ஒண்ணு விப்பாங்க. அதுல ஃபேன் உய்யுன்னு இரையும், மோட்டார் சூடாகும்.

புது பேட்டரி 13,500. பழசைப் போட்டதுக்கு 1,500 கழிச்சுக்கிட்டாங்க. பழைய பேட்டரியைக் காயலான் கடையில உடைக்கவோ, பிள்ளைங்க விளையாட விடவோ செய்யாதீங்க. உள்ள இருக்கறது காரீயம், விஷம். நம்ம பாட்டிமார் ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம், அது வேற. வாங்குற கடையிலயே திரும்பக் குடுத்துருங்க, எடுத்துக்குவாங்க.

அந்த நாள்ல இருந்து எங்க வீட்டுல பேட்டரி என் பொறுப்பு. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா, கோடையில மாசம் ஒருக்கா, ஆறு மூடியிலயும் மிதவையைப் பார்ப்பேன். சிவப்புக்கு இறங்குனா டிஸ்டில்டு வாட்டர், பச்சை வந்ததும் நிறுத்திருவேன். வழிய வழிய ஊத்தக் கூடாது. ஆசிட் ஒருநாளும் ஊத்தக் கூடாது, குறையிறது தண்ணி மட்டும்தான். முனையில வெள்ளையும் பச்சையுமா பூத்திருந்தா, இன்வெர்ட்டரை அணைச்சு, பிளக்கையும் பிடுங்கிட்டு, மூடி இறுக்கமா இருக்கான்னு பார்த்து, ஆப்பச்சோடா கரைச்ச துணியால துடைச்சு, வாஸ்லின் தடவுவேன். ஸ்பேனரைப் பிடிக்கும்போது தாலிக்கொடியை ஜாக்கெட்டுக்குள்ள செருகிக்கோங்க, வளையலைக் கழட்டிருங்க. ரெண்டு முனையையும் ஒரு இரும்போ தங்கமோ தொட்டா வெல்டிங் வச்ச மாதிரி பொறி பறக்கும். தெறிச்ச ஆசிட் என் சுங்குடிச் சேலையில போட்ட ஓட்டை இன்னும் இருக்கு. கையில பட்டா நிறையத் தண்ணி விட்டுக் கழுவுங்க. கண்ணுல பட்டா கழுவிக்கிட்டே ஆஸ்பத்திரி.

எங்க அத்தை, இதோ முன்வரிசையில உக்காந்திருக்காங்க, கோவிச்சுக்க மாட்டாங்க. கார்த்திகை தீபத்தன்னைக்கு, "நம்ம உயிரைக் காப்பாத்துற சாமி"ன்னு பேட்டரி மூடி மேலேயே அகல் விளக்கை ஏத்தி வச்சுட்டாங்க! சார்ஜ் ஏறும்போது பேட்டரியில இருந்து ஹைட்ரஜன் வாயு வரும், நெருப்புப் பட்டா வெடிக்கும். நான் ஓடிப் போய் எடுத்தேன். அதுக்கப்புறம் பேட்டரியை ஜன்னல் ஓரத்துக்கு மாத்தியாச்சு. அடுப்படியிலயும், பூஜை அலமாரிக்குக் கீழேயும், மூடுன பெட்டிக்குள்ளயும் வைக்காதீங்க.

ஒயரிங்கை லைசென்ஸ் இருக்கிற எலக்ட்ரீஷியன்கிட்ட விடுங்க, எர்த் இருக்கான்னு கேளுங்க. சில இடத்துல ரெண்டு பக்கமும் பின் வச்ச ஒயரைச் சொருகி வாடகை ஜெனரேட்டரை வீட்டு லைன்ல குடுக்குறதை நான் பார்த்திருக்கேன். அந்தக் கரண்ட் திரும்பி கம்பத்துக்குப் போகும். செத்த லைன்னு நினைச்சு ஏறி நிக்கிற லைன்மேன் கையில போய் முடியும்.

சோலார் பத்தியும் கேக்குறீங்க. 2024-ல வந்த பிரதமரோட சூரிய வீடு திட்டத்துல 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3-ம் அதுக்கு மேலயும் 78,000 மானியம் உண்டு. கரண்ட் பில் குறையும், நல்லதுதான். ஆனா பேட்டரி இல்லாம லைனோட சேர்த்து மாட்டுற சோலார், கரண்ட் போனா தானும் நின்னுரும். லைன்மேனைக் காப்பாத்தத்தான் அப்படி வச்சிருக்காங்க. வெயில் கொளுத்தும், மாடியில தகடு பளபளக்கும், வீட்டுக்குள்ள ஃபேன் சுத்தாது. இதைத் தெரியாம வாங்கிட்டு அப்புறம் வருத்தப்படாதீங்க. மலை நிழல் எத்தனை மணிக்கு உங்க கூரையில விழுதுன்னும் பார்த்துக்கோங்க. லித்தியம் பேட்டரிக்குத் தண்ணி ஊத்துற வேலை இல்ல, ரொம்ப வருஷம் வரும், ஆனா விலை கூட. நம்ம உள்கடனுக்கு இப்போதைக்கு எட்டாது.

என் பேட்டரிக்கு இது ஆறாவது வருஷம். மூத்தவ இந்த வருஷம் பத்தாவது பரீட்சை எழுதுனா. அறிவியல் பரீட்சைக்கு முந்தின ராத்திரி கரண்ட் போச்சு, அவ தலையைக் கூட நிமித்தல. அத்தைக்கு அதுக்கப்புறம் மூணு தரம் ராத்திரியில இழுப்பு வந்துச்சு. மூணு தரமும் ஜீப்பை எழுப்பல.

கடைசியா கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. பேட்டரி ஆசிட்டோட கனத்தைப் பார்க்குற ஹைட்ரோமீட்டர்னு ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கு, சில நூறு ரூபாதான். ஊராட்சிக்கு ஒண்ணு வாங்கி அலுவலகத்துல வைக்கணும். டிஸ்டில்டு வாட்டரை மொத்தமா வாங்கிப் பிரிச்சுக்கலாம். இன்வெர்ட்டர் கடன் கேக்குறவங்க வாட்ஸ் கணக்கை எழுதி மனுவோட வைக்கணும், கடைக்குப் போகும்போது குழுவுல இருந்து ஒருத்தர் கூடப் போகணும். போடிக்குப் போறதுன்னா நான் வரேன், பஸ் காசு மட்டும் குடுங்க. இதை அடுத்த கூட்டத்துல தீர்மானமா எடுத்துக்கணும்னு கேட்டுக்கிறேன். எதிர்த்த அக்கா முன்மொழியுறதாச் சொல்லியிருக்காங்க.