தேர் யார் வீட்டில் நிற்கும்?



நல்லா வேரூன்றிய கம்பெனிங்க, 'கிரவுட் ஃபண்டிங்'னு இணையத்துல மக்கள்கிட்ட காசு திரட்டலாமா? திரட்டலாம்னாரு எதிரணித் தலைவர். "ஊர் கூடித் தேர் இழுக்கறது நம்ம மரபு"ன்னாரு. ஐயா, ஊர் கூடி இழுத்த தேர் ஊருக்குப் பொதுவா நிக்கும். நீங்க இழுக்கச் சொல்ற தேர், முதலாளி வீட்டு ஷெட்டுக்குள்ளல்ல போய் நிக்குது! (சிரிப்பு, கைதட்டல்)

அடுத்து, வ.உ.சி. வசூலிக்கலையான்னு கேட்டாரு. வசூலிச்சார். 1906-ல சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு 10 லட்ச ரூபாய் மூலதனம். பங்கு ஒன்று 25 ரூபாய், 40,000 பங்கு. கவனிங்க, பங்கு! காசு போட்டவர் கப்பலுக்குச் சொந்தக்காரர். 1908-ல அவரைச் சிறையில போட்டாங்க, 1911-ல கம்பெனி கலைஞ்சுபோச்சு, போட்ட காசு போச்சு. ஆனா ஜெயிச்சிருந்தா லாபமும் அவங்களுக்குத்தான். இன்னைக்கு வர்ற பல அழைப்புல என்ன கிடைக்கும்? ஒரு பொருள், ஒரு பனியன், ஒரு நன்றி மடல். நஷ்டம்னா நமக்கும் பங்கு. லாபம்னா அவங்களுக்கு மட்டுமா?

1976-ல 'மந்தன்' படம். குஜராத் பால் உற்பத்தியாளர்கள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் போட்டு எடுத்தது. ஆனா அந்தச் சங்கமே அவங்களுது, கதையும் அவங்களுது!

"வளர்ந்த கம்பெனி, பயமில்லை"ன்னாங்க. நம்ம புதுச்சேரி ஏ.எஃப்.டி. மில் 1898-ல தொடங்குனது. எத்தனை வீட்ல அடுப்பெரிய வச்ச மில்! 2020-ல மூடியாச்சு. வயசு மட்டுமே ஜாமீன் ஆகாது.

பெரியவங்களுக்கு வழியா இல்லை? பங்குச் சந்தைக்கு வரட்டும். அங்க கணக்கு, கடன், வழக்கு எல்லாத்தையும் அச்சடிச்சுக் காட்டணும். அதானே கசக்குது! (கைதட்டல்) 2014-ல செபி இதைப் பத்திக் கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டதே, யாருக்காக? புதுசாத் தொடங்குறவங்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் பணம் கிடைக்கறதுக்காக. பக்கத்துல மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில ஒரு பையன் லேத் போடணும்னா, வங்கி வீட்டுப் பத்திரம் கேக்குது. அவன் ஊர்கிட்ட கேக்கட்டும், கொடுப்போம். அவன் வரிசையில கார்ல வந்தவரும் தட்டேந்தி நின்னா, யார் தட்டுல விழும்? விளம்பரம் பெரிசா இருக்கற தட்டுலதானே!

நம்ம வீட்டுக் கல்யாணத்துல மொய் எழுதறோம். நோட்டுல பேர் இருக்கு; நம்ம வீட்டு விசேஷத்துல திரும்பி வருது. அம்மா சேலைத் தலைப்புல முடிஞ்சு வச்ச நூறு ரூபாயைக் கேக்கற கம்பெனிக்காரரே, எங்க பேரை எந்த நோட்டுல எழுதப்போறீங்க? பங்கேட்டுல எழுதினா தர்றோம். இல்லைன்னா கும்பிட்டு அனுப்பறோம்.

(பலத்த கைதட்டல்)