கெடு நீண்டது, வட்டி நிற்கவில்லை

வரி சீசன் வந்தாலே ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வரும்: "கடைசித் தேதிக்குள்ள ரிட்டர்ன் போட்டுட்டேன், அப்புறம் எதுக்கு வட்டி?"

காரணம் இதுதான். ரிட்டர்ன் போட ஒரு கெடு, வரி கட்ட வேறொரு கெடு. நாம காலண்டர்ல வட்டம் போடுறது முதலாவதை. வட்டி ஓடுறது ரெண்டாவதை வச்சு.

2025ல நடந்ததைப் பாருங்க. ஜூலை 31 கெடுவைச் செப்டம்பர் 15க்குத் தள்ளினாங்க, கடைசியில ஒரு நாள் சேர்த்து 16 ஆச்சு. "சரி, பணத்தையும் மெதுவா கட்டிக்கலாம்"னு தோணும். ஆனா நீண்டது ரிட்டர்ன் கெடு மட்டும்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். பழங்காநத்தத்துல வீட்டுல இருந்தே ஐ.டி. வேலை பார்க்குற ஒருத்தர். சம்பளத்துக்கு கம்பெனியே டி.டி.எஸ். பிடிச்சிடுது. கூடவே வருஷம் முழுக்க ஃப்ரீலான்ஸ் வேலையும் பண்றார். 2024-25 நிதியாண்டுக்கு டி.டி.எஸ். போக 60,000 ரூபாய் வரி பாக்கி.

இப்படி டி.டி.எஸ். போக நிக்குற வரி 10,000 ரூபாயோ அதுக்கு மேலயோ இருந்தா, அந்த வருஷத்துக்குள்ளயே அட்வான்ஸ் டேக்ஸ் கட்டணும். ஜூன் 15க்குள்ள 15 சதவீதம், செப்டம்பர் 15க்குள்ள 45, டிசம்பர் 15க்குள்ள 75, மார்ச் 15க்குள்ள முழுசும். நம்மாளு ஒண்ணும் கட்டல. இங்க 234சி பிரிவு வருது: மாசம் 1 சதவீதம், முதல் மூணு தவணைக்கும் மும்மூணு மாசம், கடைசித் தவணைக்கு ஒரு மாசம். 270, 810, 1,350, 600. மொத்தம் 3,030 ரூபாய்.

அடுத்தது 234பி. மார்ச் 31க்குள்ள 90 சதவீதமாவது கட்டலன்னா, ஏப்ரல் 1ல இருந்து மாசம் 1 சதவீதம். இவருக்கு மாசம் 600 ரூபாய். ஜூலை 31ல கட்டினா 4 மாசம், 2,400. செப்டம்பர் 16ல கட்டினா 6 மாசம், 3,600. நீட்டிப்பை நம்பிக் காத்திருந்ததுக்கு மட்டும் 1,200 ரூபாய்!

ரிட்டர்ன் கெடுவையும் தாண்டிட்டா 234ஏ. பாக்கி வரிக்கு இன்னொரு 1 சதவீதம், 234பி கூடவே சேர்ந்து ஓடும். லேட் ஃபீஸ் தனி.

மாசத்துல ஒரு நாள் ஆனாலும் முழு மாசக் கணக்குதான். நம்ம பாஷையில சொன்னா சீலிங் ஃபங்ஷன். ஜூலை 31ல கட்டாம ஆகஸ்ட் 1ல கட்டினா ஒரு மாச வட்டி கூடுதல். வட்டிக்கு வட்டி கிடையாது, ஆனாலும் வருஷத்துக்கு 12 சதவீதம். அதே துறை நமக்கு ரீஃபண்ட் தாமதமா தந்தா மாசம் அரை சதவீதம்தான்.

சரி, என்ன பண்ணலாம்?

ஒண்ணு, மத்த வருமானத்தை ஆபீஸ்ல சொல்லிடுங்க, சம்பளத்துலயே டி.டி.எஸ். கூட்டிப் பிடிப்பாங்க. நடுவுல வேலை மாறினா பழைய சம்பளக் கணக்கையும் புது கம்பெனியில கொடுங்க. ரெண்டு இடத்துலயும் தனித்தனியா கணக்குப் போட்டா வரி குறைவாத்தான் பிடிபடும்.

ரெண்டு, மார்ச் 15 போயிடுச்சுன்னு விட்டுடாதீங்க. மார்ச் 31க்குள்ள கட்டினாலும் அது அட்வான்ஸ் டேக்ஸ்தான். 234பி-ல இருந்து தப்பிச்சிடலாம்.

மூணு, ஏப்ரல் வந்துடுச்சா? ரிட்டர்ன் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். வருமான வரி போர்ட்டல்ல செல்ஃப் அசெஸ்மென்ட் டேக்ஸா இன்னிக்கே கட்டுங்க. கட்டின தொகைக்கு அதுக்கப்புறம் வட்டி ஏறாது.

அப்பா அம்மாவுக்கு 60 வயசு ஆகி, தொழில் வருமானம் இல்லன்னா அவங்களுக்கு அட்வான்ஸ் டேக்ஸே கிடையாது. அவங்களைப் பயமுறுத்த வேண்டாம்.

2026 ஏப்ரல் 1ல இருந்து புது வருமான வரிச் சட்டம், பிரிவு எண்கள் மாறுது. மாசம் 1 சதவீதம் மட்டும் அப்படியேதான் இருக்கு. அதனால போன்ல நாலு ரிமைண்டர் போட்டுக்கங்க: ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச். நாலுமே 15ஆம் தேதி. அடுத்த எபிசோடுல பார்ப்போம்!