பக்கத்து நாற்காலி எங்கே?

(சிறுமலை அடிவாரத்தில் நடந்த இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சிறுமலையிலிருந்து இறங்கி வந்திருக்கிறீர்கள் சிலர்; திண்டுக்கல்லிலிருந்து வந்திருக்கிறீர்கள் பலர். உங்கள் தெருவிலே ஒரு வீடு உண்டு. அதன் மாடி அறையிலே ஒரு பிள்ளை, மடிக்கணினியின் முன்னே. மாதத்தில் சில நாட்கள் சென்னை அலுவலகம். மற்ற நாட்கள் அந்த மாடி அறை. ‘ஹைபிரிட்’ என்று இதற்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். வீட்டுச் சோறு உண்கிறானே என்று தாய் மகிழ்கிறாள். விடுதிக் கட்டணம் குறைந்ததே என்று தகப்பனார் மகிழ்கிறார். மகிழட்டும், நானும் மகிழ்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளையின் நெஞ்சிலே ஒரு கேள்வி நெருஞ்சி முள்ளாய்க் குத்துகிறது: ‘நான் வளர்கிறேனா, வெறுமனே வேலை செய்கிறேனா?’

அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் தொழிலைக் கற்றுக் கொடுத்தது எந்தப் பள்ளி? எந்தப் புத்தகம்? மூத்தவன் பக்கத்திலே இளையவன் அமர்ந்தான். அரம் எங்கே அழுந்துகிறது, எங்கே தளர்கிறது என்று கண்ணால் கற்றான். கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். நாடகம் எழுதக் கற்றது எங்கே? பக்கத் திரையின் மறைவிலே நின்று, மூத்த நடிகர் ஒரு வசனத்தைச் சொல்லாமல் விழுங்கியபோது கொட்டகையே விம்மியதைக் கண்டு கற்றேன். வசனத்தைத் தபாலில் அனுப்பலாம், தோழர்களே. அந்த மௌனத்தைத் தபாலில் அனுப்ப முடியுமா?

கணினித் தொழிலும் அப்படித்தான். பிழை எங்கே ஒளிந்திருக்கும், சீறுகின்ற வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது, மேலாளரிடம் ‘இயலாது’ என்பதை எந்தச் சொல்லால் சொல்வது — இவையெல்லாம் பக்கத்து நாற்காலியில் கிடைக்கும் பாடங்கள்.

‘அப்படியானால் ஐந்து நாளும் அலுவலகம் வரட்டும்’ என்பார் முதலாளி. பொறுங்கள் ஐயா! சீனத்து ஷாங்காய் நகரிலே ஒரு பயண நிறுவனம். அங்கே நடந்த முதல் ஆய்விலே, தொலைபேசிப் பணியாளர் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து உழைத்தார்கள். வேலை 13 விழுக்காடு கூடிற்று. ஆனால் அந்தத் திறமைக்கு உரிய பதவி உயர்வோ குறைந்தது. கண்ணில் படாதவன் கருத்திலும் படவில்லை! அதே நிறுவனத்திலே 2021, 2022ஆம் ஆண்டுகளில் 1,612 பேரிடம் மறுபடி ஆய்வு. இம்முறை வீட்டிலே இரண்டே நாள். வேலையை விட்டு விலகுவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். பதவி உயர்விலே குறைவே இல்லை. ஆகவே, வீடு பகையல்ல. அளவும் ஒழுங்குமே கேள்வி.

இன்னொரு ஆய்வு, அமெரிக்காவிலே, மென்பொருள் பொறியாளரிடையே. அருகருகே அமர்ந்தபோது இளையவர்க்குக் கூடுதல் திருத்தங்கள் கிடைத்தன. ஆனால் திருத்திக் கொடுத்த மூத்தவரின் சொந்த வேலையோ குறைந்தது. கவனியுங்கள்! இங்கேதான் இருக்கிறது சூட்சுமம். கற்பிப்பதற்கு விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பவர் யார்? முதலாளியின் கணக்கேட்டிலே ‘கற்பித்தல்’ என்ற வரியே இல்லையென்றால், மூத்தவர் ஏன் திரும்பிப் பார்ப்பார்?

நம் நாட்டிலே என்ன நடந்தது? 2020இல் டி.சி.எஸ். நிறுவனம், 2025ஆம் ஆண்டுக்குள் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் அலுவலகம் வந்தால் போதும் என்றது. 2023இல் வாரம் ஐந்து நாளும் வரச் சொன்னது. 2024இல் மாறுபடும் ஊதியத்தை வருகைப் பதிவோடு முடிச்சுப் போட்டது: 60 விழுக்காட்டுக்குக் கீழே வந்தவர்க்கு அந்த ஊதியம் இல்லை! வருகையை எண்ணினார்கள். வளர்ச்சியை எண்ணினார்களா? அலுவலகத்துக்கு ஓடி வந்த பிள்ளை, வேறு ஊரிலிருக்கும் மேலாளரோடு அங்கேயும் திரையிலேதான் பேசுவானென்றால், அந்தப் பயணம் எதற்கு? பஸ் கட்டணம் கட்டவா?

ஆகவே கேட்போம். இளையவர் அலுவலகம் வரும் நாளிலேயே மூத்தவரும் வரவேண்டும். கற்பிக்கும் நேரத்தை வேலை நேரமாக எண்ணவேண்டும். கற்பித்தவர்க்கு அதற்குரிய மதிப்பும் தரவேண்டும். பதவி உயர்வின் அளவுகோலை எழுத்திலே வைக்கவேண்டும். வீட்டில் இருந்தான் என்பதற்காக ஒருவனும் பின்னே தள்ளப்படலாகாது.

நமக்கும் கடமை உண்டு. கொளத்தூரிலே 2024இல் முதல்வர் படைப்பகம் திறக்கப்பட்டது. படிக்க இடம், பகிர்ந்து பணியாற்ற இடம். அத்தகைய கூடங்கள் திண்டுக்கல்லிலும் சிற்றூர்களிலும் எழவேண்டும். மாடி அறையிலே தனித்திருக்கும் பத்துப் பிள்ளைகள் ஒரு கூடத்தில் அமரட்டும். ஒருவன் தடுமாறும்போது மற்றவன் எட்டிப் பார்க்கட்டும்.

இன்றிரவு வீடு திரும்பியதும் அந்த மாடி அறைக்கு ஏறுங்கள். ‘சம்பளம் எவ்வளவு?’ என்று கேட்காதீர்கள். ‘இந்த மாதம் உனக்கு யார், என்ன கற்றுக் கொடுத்தார்?’ என்று கேளுங்கள். பதில் மௌனமாக இருந்தால், அந்த மௌனத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள், தோழர்களே! நாம் பேசுவோம் அதற்காக.