துரும்பும் உத்திரமும்



இன்றைய இலக்கியச் சிந்தனைக்கு விவிலியத்திலிருந்து ஓர் உவமையை எடுத்துக்கொள்கிறேன். இந்துக் கல்லூரியில் தமிழ் படிப்பிக்கும் ஒருவர் கிறிஸ்தவ வேதத்தைப் பற்றிப் பேசலாமா என நீங்கள் ஐயுற வேண்டியதில்லை. பேர்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்று அந்நூலைத் தமிழாக்க உழைத்தவர் சைவப் பெருமகனாகிய ஆறுமுக நாவலர். 1850இல் அம்மொழிபெயர்ப்பு அச்சேறியது. 1854இல் 'சைவதூஷண பரிகாரம்' எழுதி, சைவத்தின்மீது பாதிரிமார் வைத்த கண்டனங்களுக்கு அவர்களுடைய வேதத்தைக் கொண்டே விடையளித்தவரும் அவரே. ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுமுன் அதனை முழுவதும் கற்க வேண்டும் என்பதற்கு நாவலரே நமக்கு முன்மாதிரி.

உவமைக்கு வருவோம். அது மத்தேயு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் உள்ளது. பிறரைத் தீர்ப்பிடுவதைப் பற்றி இயேசுநாதர் மலையிலே போதிக்கிறார். சகோதரனின் கண்ணில் ஒரு துரும்பு. அதைச் சுட்டிக்காட்டுபவனின் கண்ணிலோ, கூரையைத் தாங்கும் உத்திரமே கிடக்கிறது! தச்சன் மகன் சொன்ன உவமையல்லவா? மரம் சீவும் பட்டறையில் கண்ணில் துரும்பு விழுவது அன்றாட நிகழ்ச்சி. உத்திரம் விழுவதோ நகைப்புக்குரிய கற்பனை. கேட்டிருந்தோர் முதலில் சிரித்திருப்பர். பின்னர் தத்தம் கண்ணைத் தடவிப் பார்த்திருப்பர்.

இவ்வுவமையை நம்மிற் பலர் பாதியிலேயே நிறுத்திவிடுகின்றனர். "என்னைக் குறை சொல்ல நீ யார்?" என்று மற்றவர் வாயை அடைப்பதற்கு அது வசதியாயிருக்கிறது. ஆனால் உவமை அங்கே முடிவதில்லை. முதலில் உத்திரத்தை அகற்றினால், துரும்பை எடுக்கும் அளவுக்குப் பார்வை தெளியும் என்பதே அதன் முடிவு. துரும்பு கிடந்தபடியே கிடக்கட்டும் என்று அவர் சொல்லவில்லை. கண்ணில் விழுந்த துரும்பை எடுக்கத்தான் வேண்டும். யார் எடுப்பது, எப்படி எடுப்பது என்பதே வினா.

இரணைமடுத் தண்ணீரில் விளைந்த நெல்லைத் தூற்றும்போது பதரோ சுணையோ கண்ணில் விழுந்தால், வட்டக்கச்சியில் நாம் என்ன செய்வோம்? பக்கத்தில் நிற்பவரிடம் கண்ணைக் காட்டுவோம். அவர் இமையை விரித்து, மெல்ல ஊதி, சீலைத் தலைப்பால் ஒற்றி எடுப்பார். அவருக்குத் தெளிந்த பார்வையும் பதமான கையும் நம் கண்மீது கரிசனையும் வேண்டும். "இவன் கண்ணில் தூசு!" என்று களத்திலுள்ள எல்லாரையும் கூவி அழைப்பவரை நாம் கிட்டவும் விடமாட்டோம்.

தாழ்மை மட்டும் போதாது. பகுத்தறியும் தெளிவும் வேண்டும். ஆட்டுத்தோல் போர்த்து வரும் ஓநாயை இனங்காணவும், மரத்தை அதன் கனியைக் கொண்டு மதிப்பிடவும் அதே அதிகாரம் கற்பிக்கிறது. வள்ளுவரும் இரண்டையும் சொன்னார். அயலார் குற்றத்தைக் காணும் கண்ணால் தம் குற்றத்தையும் காணச் சொல்வது புறங்கூறாமை அதிகாரத்தின் இறுதிக் குறள். குணம், குற்றம் இரண்டையும் ஆராய்ந்து, மிகுந்தது எதுவென்று பார்த்து ஒருவரை மதிப்பிடச் சொல்வது தெரிந்துதெளிதல்.

தாழ்மையும் தெளிவும் பிந்தி வந்தால் என்னாகும் என்பதற்குச் சிலப்பதிகாரம் சான்று. பொற்கொல்லன் சொல்லை நம்பி, தீர விசாரியாமல், கோவலனைக் கொல்வித்தான் பாண்டியன். சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்தபோது, தானே கள்வன் என்று ஏற்று உயிர்விட்டான். அவனுடைய தாழ்மை மெய்யானது. ஆனால் அது தீர்ப்புக்குப் பின்னரே வந்தது. கோவலனுக்கு அதனாற் பயனில்லை. 'முதலில்' என்ற சொல்லே இயேசுநாதரின் உவமைக்கு உயிர் என்பது இங்கே விளங்குகிறதல்லவா? அந்தக் கண்ணகிக்குத்தான் வற்றாப்பளையில் நாம் வைகாசிதோறும் பொங்கலிடுகிறோம்.

நேயர்களே, வன்னி மண்ணில் இது ஏட்டோடு நிற்கும் செய்தியன்று. 2009இல் இடம்பெயர்ந்து, முகாம்களில் முடங்கி, பின்னர் ஊர் மீண்டவர்கள் நாங்கள். 'அவர் ஏன் அங்கே போனார்? இவர் எப்படித் தப்பினார்? அந்தப் பிள்ளை யாரோடு நின்றது?' என்ற பேச்சு படலையடியிலும் கடை வாசலிலும் எழுவதுண்டு. எந்த இரவில், எந்த அச்சத்தில், யார் என்ன முடிவெடுத்தார் என்பது பக்கத்து வீட்டாருக்கும் தெரியாது. ஆயினும் ஒரு சொல்லால் ஒரு பிள்ளையின் கலியாணம் குழம்பிவிடும். ஒரு குடும்பம் ஊரில் தலைநிமிர முடியாமற் போய்விடும்.

அதற்காக, சங்கத்துப் பணத்தில் கைவைப்பவரையும் மாணவருக்குப் போதைப்பொருள் விற்பவரையும் கண்டும் காணாதிருப்பது தாழ்மையாகாது. அது கோழைத்தனம். அங்கே கனி கண்முன்னே தெரிகிறது, பேசத்தான் வேண்டும்.

ஆகவே பிறரைக் குறித்து வாய்திறக்குமுன், என் கண்ணை நான் துடைத்தேனா என்று கேட்போம். நடந்தது முழுவதும் எனக்குத் தெரியுமா என்று கேட்போம். நான் சொல்லப்போவது அவருடைய கண்ணைச் சுகப்படுத்துமா, குத்துமா என்றும் கேட்போம். விடை தெரியாத இடத்தில் மௌனமே நீதி.