தெரு திறந்தால் மரம் நிற்கும்

(சூழலியலில் அக்கறை கொண்ட இளைஞர்களுடனான கலந்துரையாடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



'புதிய பாதைக்காக மரங்களை வெட்டலாமா?' என்ற தலைப்பில் பேசச் சொன்னீர்கள். வெட்டக்கூடாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் நீங்கள் கைதட்டுவீர்கள். ஆனால் எங்கள் ஊரில் வெட்டுவதற்காக எண் போட்டு வைத்திருக்கும் மரங்களின் கதைக்கு அந்த ஒரு வரி போதாது.

எங்கள் காலனியிலிருந்து சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது. ஓடையில் இறங்கித்தான் பாடையைத் தூக்கிப் போக வேண்டும். கோடையில் கருவேல முள், ஐப்பசி கார்த்திகையில் இடுப்பளவு தண்ணீர். பல ஆண்டுகள் மனுக் கொடுத்த பிறகு ஓடைப் புறம்போக்கில் தனிப்பாதை போட ஒப்புதல் வந்திருக்கிறது. அந்தப் பாதையில் 23 மரங்கள் நிற்கின்றன. நானே போய் எண்ணினேன். புளி 11, வேம்பு 7, பனை 5.

இப்போது ஊர்க்காரர்கள் மரத்தை வெட்டக்கூடாது என்கிறார்கள். புளி ஏலத்தில் ஊராட்சிக்கு வரும் வருமானம் போய்விடும், நிழல் போய்விடும், பறவைகள் போய்விடும் என்கிறார்கள். இவை பொய்யான கவலைகள் அல்ல. எங்கள் பெண்களுக்கும் இந்தக் கவலை உண்டு. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் கஞ்சி குடிக்க ஒதுங்குவது அந்த வேம்புகளின் அடியில்தான். ஏலம் எடுத்தவரிடம் கூலிக்குப் புளி உலுக்கிப் பொறுக்குவதும், வீட்டில் உட்கார்ந்து ஓடு உடைத்துக் கொட்டை எடுப்பதும் எங்கள் வீட்டுப் பெண்கள்தான். மரம் போனால் முதலில் வெயில் அடிப்பது எங்கள் தலையில்.

அப்படியானால் இரண்டு தரப்பும் ஒன்றாக நின்று மரத்தைக் காப்பாற்ற வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. ஒரு மரத்தைக்கூட வெட்டத் தேவையில்லாத வழி. ஊர்த்தெரு வழியாகப் போனால் சுடுகாடு அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. அரசுப் பணத்தில் போட்ட சிமெண்ட் சாலை, தெருவிளக்கோடு சுடுகாடு வரைக்கும் போகிறது. 'சரி, மரம் நிற்கட்டும். நாங்கள் இந்தத் தெரு வழியாகவே எங்கள் பிணத்தைக் கொண்டுபோகிறோம்' என்று நாங்கள் சொன்னோம். அதுவரை பறவைகளைப் பற்றிப் பேசியவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். 'அது வழக்கம் இல்லை' என்று மட்டும் பதில் வந்தது.

தோழர்களே, அந்த 23 மரங்களை வெட்டப் போவது எது என்று இப்போது புரிகிறதா? அந்த 'வழக்கம்'தான். பொதுத் தெரு பொதுவாக இருந்திருந்தால் தனிப்பாதை என்ற பேச்சே வந்திருக்காது. அமைதிப் பேச்சுவார்த்தை என்று கூப்பிட்டு உட்கார வைத்த அதிகாரிகள், தெருவைத் திறந்துவிடுவதைவிட மரத்தை வெட்டுவது எளிது என்று முடிவெடுத்தார்கள். மரம் வழக்குப் போடாது, சாலை மறியல் செய்யாது.

இது எங்கள் ஊரின் கதை மட்டுமல்ல. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் வயல் வழியாகப் போக விடாததால், ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். காணொளியை நாடே பார்த்தது. சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. நிர்வாகம் செய்தது என்ன? தலித் மக்களுக்குத் தனியாக மயான இடம் ஒதுக்கியது. இப்படித் தனித்தனியாக ஒதுக்கினால் அரசே பிரிவினையை ஊக்குவிப்பதாக ஆகாதா என்று நீதிமன்றம் கேட்டது. தனிப்பாதைக்கும் அதே கேள்விதான்.

தெருவில் நடக்கும் உரிமைக்கு நூறு வயது ஆகிவிட்டது. 1924இல் தொடங்கிய வைக்கம் போராட்டம், கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் எல்லாரும் நடப்பதற்காக நடந்தது. அதே 1924இல் இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலைகளிலும் தெருக்களிலும் பாதைகளிலும் எந்த வகுப்பாரும் நடக்கத் தடையில்லை என்ற தீர்மானத்தைச் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு சாலைகளைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பொதுப் பாதையையோ மயானத்தையோ பட்டியல் சாதியினர் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பது, 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். உயிரோடு இருப்பவர் நடக்கலாம், பிணமானால் போகக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை.

சூழலியல் பேசும் தோழர்களுக்குச் சில வேண்டுகோள்கள்.

முதலில், மரத்தைக் கட்டிப்பிடித்துப் படம் எடுக்கும் முன் புல வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். எது பொதுத் தெரு, எது புறம்போக்கு, எந்தப் பாதை ஆக்கிரமிப்பில் இருக்கிறது என்று அது காட்டிவிடும். நான்குவழிச் சாலைக்காக நெடுக நின்ற புளியமரங்கள் சாய்ந்தபோது வாய் திறக்காதவர், சேரிக்கு ஒரு பாதை என்றதும் மரத்தைப் பற்றிப் பேசினால் காரணத்தை விசாரியுங்கள்.

அடுத்து, கிராமசபைக்கு வாருங்கள். பொதுத் தெருவில் எல்லார் பிணமும் போகும் என்று தீர்மானம் போடச் சொல்லி எங்களோடு நின்று கேளுங்கள். அந்தத் தீர்மானம் 23 மரங்களுக்கும் காவல்.

அதையும் மீறித் தனிப்பாதைதான் என்று முடிவானால், பாதை வளையட்டும். ஒரு பாடையும் நான்கு பேரும் போக நெடுஞ்சாலை அகலம் வேண்டாம். அரசு நிலத்து மரத்தை வெட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். எந்த மரம் தப்பும் என்று அங்கே ஒவ்வொன்றாகக் கேட்போம். ஒன்றுக்குப் பத்து கன்று நடுவோம் என்பதைக் கேட்டு ஏமாறாதீர்கள். புளி காய்க்கவே பத்து ஆண்டு ஆகும்.

ஆனால் ஒன்று. தெருவும் திறக்கவில்லை, பாதையும் வளையவில்லை, மரமா பாதையா என்று எங்களைக் கேட்டால், பாதை என்றுதான் சொல்வேன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. மார்கழி வரை காத்திரு என்று பிணத்திடம் சொல்ல முடியாது. மரத்தின் பெயரால் எங்களை இன்னொரு மழைக்காலம் ஓடையில் இறக்கும் சூழலியல் எங்களுக்கு வேண்டாம்.

எங்கள் தெருப் பெரியம்மா ஒருவர் மரத்தில் எண் போட்ட அன்று சொன்னார்: 'மரமும் போவப் போவுது, தெருவும் கெடைக்கப் போறதில்ல.' இரண்டும் ஒரே கணக்கு என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெருவைத் திறக்கும் போராட்டத்துக்கு நீங்கள் வந்தால், மரத்தைக் காக்கும் போராட்டத்துக்கு நாங்கள் அழைக்காமலே வருவோம்.